எந்தத் தேதியில் நடந்தது? வீட்டுக்கும் கடைக்கும் வரும் சட்டக் கேள்விகள்

தாலுகா நீதிமன்றம் இருக்கும் ஒரு சிறிய ஊரில் வக்கீலாக இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் கட்டணம் இல்லாமல் சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் இவை.

வருகிறவர்களில் பலருக்குச் சட்டம் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது இருபது வருடத்துக்கு முந்தைய சட்டம். அப்பா காலத்தில் சரியாக இருந்த பதில் இன்றைக்குத் தவறாகியிருக்கும். இன்னும் சிலருக்குச் சரியான பதிலே தெரியும், ஆனால் கெடு முடிந்து பத்து நாள் கழித்து வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது தேதியைத்தான்: எப்போது கல்யாணம் ஆனது, எப்போது இறந்தார், செக் என்றைக்குத் திரும்பியது?

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு. சொத்துரிமை பற்றிய பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வரும் குடும்பங்களுக்கு மட்டும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு விதிகள் வேறு.

எனக்கு 1985-ல் கல்யாணம் ஆனது. "கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை" என்று அண்ணன் சொல்கிறார். நிஜமா?

ஒரு காலத்தில் நிஜம். இப்போது இல்லை.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை அந்தத் திருத்தம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் 88-ல் கல்யாணமான அக்காவுக்கு ஒன்றும் இல்லை, 90-ல் கல்யாணமான தங்கைக்குப் பங்கு உண்டு என்ற நிலைமை. உங்கள் அண்ணன் மனதில் நின்றுபோனது அந்தச் சட்டம்தான்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. அதில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பாகுபாடே கிடையாது. அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது: அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. அதை நம்பி எத்தனையோ பெண்கள் வழக்கே போடாமல் இருந்துவிட்டார்கள். 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பு.

சரி, அப்படியானால் எல்லா மகளுக்கும் பங்கு உண்டா? ஒரு தடை இருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தாலோ, நீதிமன்றத் தீர்ப்பின்படி பிரித்திருந்தாலோ, சொத்தை விற்றிருந்தாலோ அதை இப்போது கலைக்க முடியாது. "அப்பவே வாய்மொழியாகப் பிரிச்சிட்டோம்" என்று சொன்னால் மட்டும் போதாது. அதை நம்புவதற்கு அந்தக் காலத்து அரசு ஆவணங்களே ஆதாரமாக இருக்க வேண்டும். அதனால் அண்ணனிடம் சண்டை போடுவதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

தாத்தா வாங்கிய நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. அது பூர்வீகச் சொத்துதானே? அப்பா எங்களைக் கேட்காமல் விற்க முடியுமா?

இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். தாத்தாவிடமிருந்து வந்த எல்லாமே பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் நிலம் வாங்கி, உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு இறந்திருந்தால், அந்த நிலம் அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் எல்லோருக்கும் சமமாகப் போகும். அதில் உங்கள் அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச்சொத்து. அவர் இருக்கும்வரை அதில் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. விற்கலாம், உயில் எழுதலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் அதே கணக்குப்படி அத்தைமார்களுக்கும் அதில் பங்கு உண்டு. பட்டா அப்பா பெயரில் மட்டும் இருப்பதால் நிலம் முழுக்க அவருடையது ஆகிவிடாது. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் வாரிசுரிமையும்தான்.

அக்கா, தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா? எவ்வளவு செலவாகும்?

விடுதலைப் பத்திரம் என்பது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. மனதாரக் கொடுத்தால் போதும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு 2023 ஜூலை 10 முதல் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு இவை 25,000-ம் 4,000-மாக இருந்தன.

இதையே கையெழுத்துப் போடும் சகோதரிகள் பக்கத்திலிருந்தும் சொல்லியாக வேண்டும். "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடு" என்று அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். பதிவான பத்திரத்தை "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்று சொல்லிப் பின்னால் உடைப்பது மிகவும் கஷ்டம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே பத்திர நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் போகவே போகாதீர்கள்.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது. வங்கியில் வேறு சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தாசில்தார் தருவது வாரிசுகள் யார் யார் என்று காட்டும் சான்று. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்காது. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், பங்குப்பத்திரம், பெரிய வைப்புத்தொகை இவற்றை வசூலிக்கச் சில இடங்களில் இறங்குரிமைச் சான்று கேட்பார்கள். அதை நீதிமன்றம்தான் தரும். 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். கணக்கில் நாமினி போட்டிருந்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் குறையும். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, பணம் வாரிசுகளுக்குச் சொந்தம்.

வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டோம். இப்போது எங்களைக் கவனிப்பதில்லை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் தனியாக வருவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கைப்பிடித்துக் கூட்டி வருவார். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வழி இருக்கிறது, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இல்லை. கொடுத்தவர் மட்டும் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிவு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் 23-ம் பிரிவின்படி, கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்கலாம். மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், இப்போதைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். சாதாரணமாக 90 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்பது விதி.

சிக்கல் "நிபந்தனை" என்ற சொல்லில்தான். நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் ரத்து செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரி 2-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டம் முதியவர்களின் நன்மைக்காக வந்தது, அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வழக்கில் மகன் தனியாக ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் பெரிய பலமாக இருந்தது.

இனிமேல் எழுதப் போகிறவர்கள் பத்திரத்திலேயே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வாழ்நாள் முழுவதும் எங்களுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு, உணவும் மருத்துவமும் மகன் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் இந்தச் செட்டில்மென்ட் செல்லாது. "பிள்ளை தப்பா நினைப்பானே" என்று தயங்குகிறார்கள். பாசமாக இருக்கும் பிள்ளைக்கு அந்த வரிகளால் ஒரு நஷ்டமும் இல்லை.

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டு நடந்த கல்யாணம் செல்லுமா?

செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். ஊர் அறிய மண்டபத்தில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் எந்த மத முறைப்படி நடந்தாலும் பதிவு கட்டாயம், 2009-ம் ஆண்டிலிருந்து. 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ தேவை வரும்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது.

வீட்டு வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். 11 மாதம் என்பதால் பதிவு வேண்டாம் என்கிறார் ஓனர். சரியா?

பாதி சரி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1960-ம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி எத்தனை மாத வாடகையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த இரண்டும் வேறு வேறு பதிவுகள். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு இணையதளம் இருக்கிறது.

பதிவு செய்யாவிட்டால் யாருக்கு நஷ்டம்? இரண்டு பேருக்கும்தான். குடியிருப்பவர் முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போதும், ஓனர் காலி செய்யச் சொல்லும்போதும் கையில் தாள் இருக்காது. ஒப்பந்தம் எழுத மறுப்பதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். மூன்று மாதம்தானே வாங்க வேண்டும்?

மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் ஒப்பந்தத்தில் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அதற்கு அதே பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால்தான் நகரங்களில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டையை விட்டு வைத்தது சரியில்லை என்பது என் கருத்து. வீடு தேடி அலைகிற ஒரு குடும்பம் ஓனரோடு சமமாக உட்கார்ந்து பேரம் பேச முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, கொடுக்கும் தொகை முழுவதையும் ஒப்பந்தத்தில் எழுத வைப்பது, வங்கி வழியாகவே கொடுப்பது. "ஒப்பந்தத்தில் இருபதாயிரம் எழுதுவோம், மீதியைக் கையில் குடுங்க" என்றால் மீதியைத் திரும்பப் பெற உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

காலி செய்யச் சொல்லி கரண்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். வாடகையையும் வாங்க மறுக்கிறார்கள்.

வாடகை பாக்கி இருந்தாலும் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். திரும்பக் கொடுக்கும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். "அவர்தான் வாங்கலையே" என்று சும்மா இருந்துவிட்டால், இரண்டு மாத பாக்கி என்ற காரணமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

சரக்குக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

இன்றைக்கே நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது முழுக்க நாள் கணக்குதான். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லையிலேயே வழக்குப் போடலாம் என்பதால் அவருடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2018-ல் வந்த திருத்தப்படி வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அந்த 30 நாளில். "அடுத்த வாரம் தரேன்" என்று எதிராளி நாலு வாரம் இழுப்பார், அதற்குள் கெடு முடிந்துவிடும். நோட்டீஸ் அனுப்புவதால் உறவு முறிந்துவிடாது. அனுப்பிவிட்டு நிதானமாகப் பேசுங்கள்.

இன்னொன்று. செக் வாங்கிய பிறகு அவர் பாதிப் பணத்தைக் கொடுத்திருந்தால், முழுத் தொகைக்கு அதே செக்கைப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் வழக்கு நிற்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வந்த தொகையைச் செக்கிலேயே வரவு வைத்துக் குறிப்பிட வேண்டும், அல்லது மீதிக்குப் புதுச் செக் வாங்க வேண்டும்.

கடன் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் கொடுத்தேன். தொகையை அவர் நிரப்பினால் செல்லாதுதானே?

செல்லும். கையெழுத்து உங்களுடையது என்றால், மற்றதை யார் நிரப்பினாலும் கடனுக்காகக் கொடுத்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் வரும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், செக் எண்ணைக் குறிப்பிட்டு "இன்ன கடனுக்கு ஈடாக" என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோநோட்டுக்கு எத்தனை வருடம் ஆயுள்?

மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும், அல்லது மூன்று வருடம் முடிவதற்கு முன் கடன்காரர் ஒரு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படி எழுதினால் அந்த நாளிலிருந்து இன்னொரு மூன்று வருடம். நூறு ரூபாய் வரவு எழுதினாலும் போதும்.

திருப்பூரில் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க் பணம் ஆறு மாதமாக வரவில்லை. பெரிய பார்ட்டி, கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயம்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெரிய கம்பெனிகள் சின்ன யூனிட்டின் பணத்தில் வட்டியில்லாமல் தொழில் நடத்துவது காலங்காலமாக நடக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் நன்றாகவே உங்கள் பக்கம் நிற்கிறது, பலருக்குத் தெரியாததுதான் குறை.

2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. பணம் வராவிட்டால் வசதியாக்கக் குழுவிடம் இணையம் வழியாக மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி என நாலு மண்டலக் குழுக்கள் இருக்கின்றன. குழு உங்களுக்குச் சாதகமாகத் தீர்த்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக அந்தக் கம்பெனி 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இதைவிட வேலை செய்வது வருமான வரி வழி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். செலவாகக் காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். அதனால் உங்கள் பில்லிலேயே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணை அச்சிட்டு, "குறு நிறுவனம்" என்று போட்டுவிடுங்கள். சண்டை போடாமலே அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவு உங்களுக்காகப் பேசும்.

உத்யம் பதிவு இலவசம். இணையத்தில் ஆதார், பான் வைத்து நீங்களே செய்யலாம். கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் ஏராளம், ஏமாற வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் கூடியிருக்கின்றன: முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம், 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். இந்தத் தாமதப் பாதுகாப்பு உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு பெற்றாலும் இது கிடைக்காது.

ஜிபே-யில் பணம் வாங்கினால் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வருமாமே?

2025 ஜூலையில் பெங்களூரில் யு.பி.ஐ. வரவைப் பார்த்து சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனதிலிருந்து எல்லோருக்கும் இந்தப் பயம். யு.பி.ஐ.-யில் வாங்குவதால் வரி வருவதில்லை, விற்றுமுதல் அளவைத் தாண்டினால்தான் பதிவு. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம். காய்கறி, பால் மாதிரி வரியில்லாப் பொருள் மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு வேண்டாம். ஆனால் அவற்றோடு பிஸ்கட்டும் சோப்பும் விற்றால் எல்லாவற்றையும் கூட்டித்தான் 40 லட்சம் பார்ப்பார்கள். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் வந்தால் மைத்துனர் அனுப்பிய கைமாற்றும் விற்பனையாகத் தெரியும். கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

கடையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் நாற்காலி. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்வது நமக்குப் பழகிப்போய்விட்டது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். இன்றும் பல கடைகளில் இருக்கை இல்லை. ஒரு ஸ்டூலின் விலை எவ்வளவு ஆகிவிடும்?

பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது அளவு. ஆட்கள் 10 பேரானால் இ.எஸ்.ஐ., 20 பேரானால் பி.எஃப். என்று பார்க்க வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை என்பது அதில் பெரிய மாற்றம். ஆறு பேர்தான் என்றாலும் சேர்ந்த தேதி, சம்பளம், வேலை நேரம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பேருக்கும் அதுதான் கை கொடுக்கும்.

ஆன்லைனில் வாங்கிய பொருள் கெட்டுவிட்டது. கம்பெனி வேறு மாநிலத்தில் இருக்கிறது.

நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915-க்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

தண்டல், மீட்டர் வட்டிக்கு வாங்கினோம். அசலைப் போல மூன்று மடங்கு கட்டியும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீயில் கருகியது. அந்த நிலைக்கு யாரும் போக வேண்டாம். தயவுசெய்து முதல் மிரட்டலிலேயே வெளியே சொல்லுங்கள்.

2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் கந்து, மீட்டர், மணி வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கட்டிய பணத்துக்கு ஆதாரமாகத் தண்டல் அட்டை, யு.பி.ஐ. விவரம், மிரட்டிய குரல் பதிவு, வந்து நின்ற நாட்கள் இவற்றைச் சேர்த்து வையுங்கள். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்திலோ, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலோ கொடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக், புரோநோட்டு, பத்திரம் எதையெல்லாம் அவர்களிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். இது மிக முக்கியம், பின்னால் அதை வைத்துத்தான் உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள். 420 கேஸ் போடச் சொன்னால் "அப்படி ஒரு செக்‌ஷனே இப்ப இல்லை" என்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 420 இப்போது 318(4). கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ இப்போது 85. மனைவி, பிள்ளை, பெற்றோர் பராமரிப்புக்கு மாஜிஸ்திரேட்டிடம் போடும் 125 மனு புதிய நடைமுறைச் சட்டத்தில் 144 ஆகிவிட்டது. ஊரடங்கு என்று நாம் பழகிய 144 இப்போது 163. ஆனால் சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்திருந்தால் பழைய சட்டப்படிதான் வழக்கு, 420 என்றுதான் போட வேண்டும். இங்கேயும் தேதிதான்.

எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நடந்ததைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள், பிரிவைப் போடுவது அவர்கள் வேலை. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீதுதான், முதல் தகவல் அறிக்கை அல்ல. சம்பவம் எந்த ஊர் எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இணையத்தில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் கிடைக்கும். இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கட்டணமில்லா எண் 15100. நிலுவையில் இருக்கும் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், மேல்முறையீடும் கிடையாது.

தாலுகா நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகல், சம்பந்தப்பட்ட தாள்கள், அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் தேதிவாரியாக நடந்ததை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எழுத வராதவர்களுக்கு அங்கேயே எழுதிக் கொடுக்க ஆள் இருப்பார்.